நின்றால் போய்விடும் வலி

போன செவ்வாய்க்கிழமை காலை, குளுவாங் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் தெரு சவரிமுத்து வாத்தியார் போய்க்கொண்டிருந்தார். ரிட்டயராகி ஆறு வருஷம் ஆனவர். கையில் மீன் பை.

சைக்கிள் கடை முன்னால் நின்றார். கண்ணாடிக்குள் பார்த்தார். பேரனுக்கு சைக்கிள் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் நடந்தார். புடவைக் கடை முன்னால் நின்றார். அவர் மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. யாருக்குப் புடவை பார்க்கிறார்?

மறுபடியும் கொஞ்சம் நடந்தார். இந்தத் தடவை அவர் நின்றது சீனருடைய சவப்பெட்டிக் கடை முன்னால்.

சவப்பெட்டியை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா?

கிட்டே போனேன். "வாத்தியாரே, எந்தக் கால்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா கேக்கிறீங்க?"

"கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதே, அது எந்தக் கால்னு கேட்டேன்."

அவர் முகத்தில் திருட்டில் மாட்டிக்கொண்டவரின் வெட்கம். "இடது கால்மா. யார் சொன்னாங்க உங்ககிட்ட?"

"யாரும் சொல்லல. எத்தனை கடை தாண்டினா வருது?"

"முன்னயெல்லாம் பத்துப் பன்னெண்டு கடை. இப்ப நாலு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா நின்னா போயிடுது. ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதான் பெருசா எடுத்துக்கல. சும்மா நடுரோட்டுல நின்னா பாக்கிறவங்க என்ன ஏதுன்னு கேப்பாங்க லா. கடையப் பாக்கிற மாதிரி நிக்கிறது."

அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. மீன் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். டாக்ஸி ஒன்றை நிறுத்தினேன். கிளினிக்குக்குப் போங்கள், இன்றைக்கே, இப்போதே என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் ஏறிக்கொண்டார்.

காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறதாம். சிகரெட்டை அன்றோடு விட வேண்டும் என்று சொல்லி, ஜொகூர் பாருவில் பெரிய டாக்டரைப் பார்க்கக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இப்போதே வந்தது நல்லது, காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்களாம். வியாழக்கிழமை வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்லிவிட்டுக் கேட்டார்: "நீங்க முன்ன நர்ஸா வேலை பாத்தீங்களாம்மா?"

இல்லை. நான் ஒரு கிராணிக்கு மனைவியாக இருந்தேன். அவ்வளவுதான்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ் கண்டக்டர், மளிகைக்காரர், பக்கத்து வீட்டு நாய் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. என் கணவர் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதியதே இல்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன். சிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் நல்லதம்பி. காஹாங் போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. எனக்குக் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது வயது இருபது. அவருக்கு முப்பத்திரண்டு. உயரமான ஆள். வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. அவர் நடைக்கு ஈடுகொடுக்கத் தோட்டத்தில் யாராலும் முடியாது. ஆபீஸிலிருந்து ரப்பர் காட்டுக்குப் போனால், கூட வருகிற கங்காணி ஓட வேண்டியிருக்கும். கல்யாணமான புதிதில் நானும் ஓடியிருக்கிறேன். "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்...

ஒரே ஒரு பழக்கம். சிகரெட். ஒன்று அணைவதற்குள் அடுத்தது. அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். சிகரெட் பிடிப்பது கிராணிக்கு ஒரு மதிப்பு.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் காரில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார். ரப்பரை வாங்க ஆள் இல்லை. ஆபீஸை மூடினார்கள். கிராணியும் ஒன்றுதான், ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுகிறவரும் ஒன்றுதான் என்று எல்லார் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். மூன்று மைல் தள்ளி, காட்டை அழித்து மரவள்ளி போட வேண்டும். ஆண் பெண் எல்லாரும் காலையில் நடந்து போய், சாயங்காலம் நடந்து திரும்ப வேண்டும்.

காலையில் மரவள்ளி. மத்தியானம் மரவள்ளி. அரிசி என்று ஒன்று எப்போதாவது கண்ணில் படும். படும்போதும் அது பழுத்து, புழுத்து, சுண்ணாம்பு நாற்றம் அடிக்கும். இரண்டாவது வருஷத்தில் தோட்டத்தில் ஒவ்வொருவராகக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது, கால் வீங்குகிறது. எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் யாராவது ஒருவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. டிரஸர் தம்பையா மட்டும் இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து அலமாரி காலியாகிப் பல மாசம் ஆகியும், காலையில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களின் கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்து அமுக்குவார். அவர்கள் வலியில் துள்ளுவார்கள். "பெரிபெரி" என்பார். சத்துக் குறைவினால் வருவது. தவிட்டைச் சலித்துக் கஞ்சியில் கலந்து குடியுங்கள், பச்சைப்பயறு கிடைத்தால் அவித்துத் தின்னுங்கள், கீரையை விடாதீர்கள் என்பார். கேட்டவர்களில் பலர் பிழைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் நடுவழியில் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் மேட்டில் ஏறும்போது மட்டும். அப்புறம் சமதரையிலும். வலது கால். நடந்துகொண்டே வருவார். திடீரென்று நின்றுவிடுவார். ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொள்வார். ஒரு நிமிஷம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல நடப்பார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் நிற்பார். எண்ணி வைத்தது போல அதே தூரம்.

"என்னங்க ஆச்சு?"

"கெண்டைக்கால்ல இடுக்கிப் போட்டுப் பிடிக்கிற மாதிரி இருக்கு. நின்னா போயிடுது. நீ போ, நான் வர்றேன்."

கூட வேலைக்கு வருகிற பெண்கள் சிரித்தார்கள். "கிராணிக்குப் பழைய நெனப்பு. மரம் எண்ணிக்கிட்டு வர்றாரு" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நாளில் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. ஏனென்றால் தாமதமாக வந்தால் அவருக்கு மட்டும் அடி இல்லை. எங்கள் கூட்டத்துக்கே அன்றைக்கு மரவள்ளி குறையும்.

எனக்கும் கால் வலிக்கத்தான் செய்தது. எல்லாருக்கும் வலித்தது. எல்லாரும் நடந்தார்கள். இவர் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பேனா பிடித்த கை, மண்வெட்டி என்றதும் சாக்குத் தேடுகிறது... இப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் வழியில் வைத்து, நாலு பேர் காதில் விழும்படி கேட்டும்விட்டேன்.

"நிக்கும்போது வலிக்கல, உக்காந்தா வலிக்கல, வேலைக்கு நடந்தா மட்டும் வலிக்குது. அது என்னங்க வலி?"

அவர் மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நடந்தார். அன்றைக்கு நிற்காமல் நடந்தார். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். பார்த்தாயா, நடக்க முடிகிறதே என்று நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரஸரிடம் அழைத்துப்போனேன். தம்பையா வழக்கம்போல கெண்டைக்காலை அமுக்கினார். இவர் துள்ளவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார். ஒன்றுமில்லை.

"நோகேல்லையோ?"

"இல்ல டிரஸர். அமுக்கினா வலிக்கல. நடந்தாத்தான்."

தம்பையா இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கால் கொஞ்சம் குளிர்ந்து கிடக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது மற்றவைக்கு வாற பெரிபெரி மாதிரித் தெரியேல்லை, பிள்ளை. எனக்கு விளங்கேல்லை. குளுவாங் ஆஸ்பத்திரியில ஒரு சீன டாக்டர் இருக்கிறார். ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

நான் மாட்டேன் என்றேன். டவுனுக்குப் போகிற ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்திலிருந்தே போன ஏழு பேர் திரும்பவில்லை. அந்தப் பயம் நிஜம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இங்கே நான் மறைக்கக்கூடாது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இந்த மனுஷனின் சோம்பலுக்கு டவுன் வரை அலைய வேண்டுமா என்ற எண்ணம். தம்பையாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது போல ஒரு நிச்சயம். தவிட்டுக் கஞ்சி கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கஞ்சி குடித்து மற்றவர்கள் தேறினார்கள். இவர் நிற்கிற தூரம் குறைந்துகொண்டே வந்தது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் புகைதான். சிகரெட் கிடைக்கவில்லை. அது இல்லாமல் அவர் தவித்த தவிப்பைப் பார்க்கச் சகிக்காமல், கம்பம் என்று சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்தில் ஒரு மலாய்க்காரம்மாவிடம் புகையிலை நாற்று வாங்கி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பாத்தி நிலம். அதில் கீரை போட்டிருந்தேன். கீரையைப் பிடுங்கிவிட்டுப் புகையிலை நட்டேன். இலையை உலர்த்தவும், மெல்லிசாகச் சீவவும், நிப்பா என்கிற பனையின் ஓலையில் சுருட்டவும் கற்றுக்கொண்டேன். வேலை முடிந்து வந்ததும் ஐந்தாறு சுருட்டி அவர் கையில் கொடுப்பேன். வேறு எந்த வீட்டிலும் இந்தக் கவனிப்பு இல்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ஏச்சுக்கு ஈடாக நான் கொடுத்த அன்பு அது.

கவனித்தீர்களா? கீரையைப் பிடுங்கிவிட்டு. அந்த வரியை எழுத எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

மரவள்ளிக் காட்டுக்குப் போகும் வழியில் ஒரு மரப்பாலம். அங்கே ஒரு ஜப்பான் சிப்பாய் காவல் நிற்பான். அவன் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். பாலத்தில் யாரும் நிற்கக்கூடாது என்பது உத்தரவு. என் கணவர் பாலத்துக்கு முன்பே நின்று, வலி போகும்வரை காத்திருந்து, பிறகு ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். அந்த அளவுக்குக் கணக்காக நடந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குக் காலையில் எங்களுக்குள் சண்டை. தாமதமாகிறது, தாமதமாகிறது என்று நான் பிடுங்கி எடுத்தேன். கோபத்தில் விறுவிறுவென்று நடந்து, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டேன். என் ஏச்சுக்குப் பயந்து அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் வந்திருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் நடுவில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

சிப்பாய் கத்தினான். இவர் குனிந்தார். காலைத் தொட்டுக் காட்டி, "சாக்கிட், சாக்கிட்" என்றார். வலி என்பதற்கு மலாய்ச் சொல். அவனுக்கு அது புரியவில்லையோ, புரிந்தும் நம்பவில்லையோ. கன்னத்தில் அறைந்தான். இழுத்துக்கொண்டு போய், பாலத்து முகப்பில் வெயிலில் நிறுத்தி, ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வைத்தான்.

நாங்கள் அந்தப் பக்கத்தில் கரை ஓரமாக நின்றோம். திரும்பி வர முடியாது. போகவும் கால் எழவில்லை. அவர் நின்றார். வெயில் ஏறியது. கை நடுங்கியது. ஆனால் கால் நடுங்கவில்லை. ஆடாமல் அசையாமல் நின்றார்.

அப்போது என் மனதில் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்க முடிகிறதே, நடக்க மட்டும் முடியாதா என்று தோன்றியது. அந்தச் சிப்பாய்க்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் அவனுக்கும் எனக்கும் ஒரே புத்தி.

கல்லை இறக்கச் சொன்னான். நட என்று கையைக் காட்டினான். இவர் நேராக நடந்தார். பாலம் முழுவதும் கடந்தார். எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். என்னைத் தொடுகிற தூரத்துக்கு இன்னும் பத்து அடி இருக்கும்போது நின்றுவிட்டார்.

"பகேரோ" என்று அவர்கள் பாஷையில் திட்டிக் கத்திக்கொண்டு சிப்பாய் பின்னாலேயே ஓடி வந்தான். துப்பாக்கியின் அடிக்கட்டையால் அந்தக் காலின் மேல், விரல்களின் மேல், ஓங்கி இரண்டு முறை குத்தினான்.

கட்டை விரல் நகம் பிய்ந்தது. சாதாரணமாக யாருக்கும் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடுகிற காயம். இவருக்கு ஆறவில்லை. ஒரு மாசம். இரண்டு மாசம். பாதம் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. தொங்கப் போட்டால் சிவக்கும், தூக்கி வைத்தால் வெளுக்கும். இப்போது உட்கார்ந்திருந்தாலும் வலி, படுத்தாலும் வலி. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடியே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். சில்லிப்புப் போகட்டும் என்று உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தேன். சூடு தாங்குதா என்று கேட்டேன். சூடே தெரியவில்லை என்றார். மறுநாள் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம்.

பெருவிரல் கறுத்தது. அடுத்த விரலும் கறுத்தது. அன்றைக்குத்தான் நான் பயந்தேன். அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் சயாம் பயம். இது வேறு பயம்.

தம்பையா எங்கேயோ அலைந்து ஒரு மாட்டு வண்டி பிடித்துக் கொடுத்தார். விடிந்ததும் கிளம்பி, பொழுது சாயும்போது குளுவாங் வந்து சேர்ந்தோம். வழியில் எங்களை யாரும் பிடிக்கவில்லை. காவல் சாவடியில் ஒரு சிப்பாய் துணியை விலக்கி அந்தப் பாதத்தைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிவிட்டான்.

சீன டாக்டர் நடுத்தர வயது. கண் குழி விழுந்திருந்தது. அவரும் சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருக்கும். காலைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு விரலைப் பாதத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். பிறகு முழங்காலுக்குப் பின்னால். கையில் நாடி பார்க்கிற மாதிரி காலில் தேடினார். கிடைக்கவில்லை. இடது காலிலும் தேடினார். அதிலும் லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டார்.

மலாயில் கேட்டார். "ரொக்கோ?"

புகை பிடிப்பாரா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். எவ்வளவு என்றார். நிறைய என்றேன். இந்தப் பஞ்சத்தில் எங்கே கிடைத்தது என்றார். நானே வளர்த்தேன், நானே சுருட்டிக் கொடுத்தேன் என்றேன். சொல்லும்போது அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் என்னையே பார்த்தார். திட்டவில்லை. மெல்ல விளக்கினார். புகை பிடிக்கிற சில ஆண்களுக்கு, அதுவும் இந்த வயதில், காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிறது. நடக்கும்போது தசை ரத்தம் கேட்கும். வராது. வலிக்கும். நின்றால் அந்தக் கொஞ்ச ரத்தமே போதும். வலி போய்விடும். ஆரம்பத்திலேயே புகையை நிறுத்தினால் பலருக்குக் கால் நிற்கும்.

"முன்னாலயே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அந்தக் காலை எடுக்க வேண்டும், நாளைக்கே, என்றார்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மயக்க மருந்து கொஞ்சம்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

பத்து நாள் இருந்தார். புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் விடாமல் அடித்தது. போட மருந்து இல்லை. டாக்டர் தினமும் வந்து கட்டை மாற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

கடைசி நாலு நாள் என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஒரு சுருட்டு.

"ஒண்ணே ஒண்ணு. ரெண்டு இழுப்பு போதும்."

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"இனிமே என்னத்த நடக்கப்போறேன் நான்? குடு."

"அந்தக் காலாவது இருக்கணும்ல. மாட்டேன்."

நான் கொடுக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் விளங்கிவிட்டதே. விளங்கியவள் எப்படிக் கொடுப்பாள்? அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு, சுருட்டு கேட்டதைத் தவிர, வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் மத்தியானம், நான் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த நேரத்தில் போய்விட்டார்.

கொடுக்கக்கூடாத வருஷமெல்லாம் கொடுத்தேன். கொடுத்திருக்கலாம் என்கிற நாலு நாள் மறுத்தேன். எதைச் செய்தாலும் தப்பாகவே முடிகிற மாதிரி ஒரு பெண்ணுக்கு ஒரு காலம் அமையுமா? எனக்கு அமைந்தது.

ஜப்பான் சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். எனக்கும் பிறகு வேறு வாழ்க்கை, வேறு ஊர், எழுத்து என்று ஏதேதோ அமைந்தது. அதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஆனால் கெண்டைக்கால் என்ற சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் திரும்பிப் பார்த்துவிடுவேன். சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கே அந்த இடத்தில் வலி வந்தது. தூக்கத்தில் சுருட்டிப் பிடித்தது. நேரே எங்கள் குடும்ப டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. இது வெறும் தசைப்பிடிப்பு, பயப்படாதீர்கள் என்றார். நான் விடவில்லை. அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான கெண்டைக்கால் வலிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அதிகமாக நடந்தால், மாடிப்படி ஏறினால், தோட்டம் கொத்தினால் வரும். ஓய்வு கொடுத்தால் சில நாளில் போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் நீண்டால் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகிச் சிவந்து வலித்தால் அது வேறு. பிரசவமானவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், பல நாள் படுக்கையில் கிடந்தவர்கள், நெடுநேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள் இதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், நேரே பெரிய ஆஸ்பத்திரி. நடந்தால் வந்து, நின்றால் போய்விடுகிற வலி குழாய் அடைப்பாக இருக்கலாம். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பாதம் திடீரென்று சில்லிட்டாலும், நிறம் மாறினாலும், மரத்துப்போனாலும், சும்மா இருக்கும்போதே வலித்தாலும், அன்றைக்கே போக வேண்டும். கால் புண் ஆறவில்லை என்றாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களும் புகை பிடிப்பவர்களும் இதை இரண்டு முறை வாசியுங்கள்.

இவ்வளவும் கேட்டுக்கொண்ட பிறகு, அந்த டாக்டரிடம் என் கணவரின் கதையைச் சொன்னேன். முதல் முறையாக இன்னொரு மனுஷரிடம் சொன்னது அப்போதுதான். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு முழுக்கக் காதுகொடுத்துக் கேட்டார். வெளியே இன்னும் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள்.

"அந்தக் காலத்துல பரிசோதனை எதுவும் கிடையாது, எக்ஸ்ரேகூட சரியா கிடையாது. யாருக்குமே அது என்னன்னு தெரிஞ்சிருக்காது டாக்டர். அப்படித்தானே?" என்று கேட்டேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று ஓர் ஆசை.

அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். "நடந்தா வலிக்குது, நின்னா போயிடுதுன்னு அவர் உங்ககிட்ட சொன்னாராம்மா?"

"சொன்னார். முதல் நாளே சொன்னார்."

"இப்ப எங்ககிட்ட இவ்வளவு மெஷின் இருக்கு. ஆனா அந்த நோயை முதல்ல கண்டுபிடிக்கிறது அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான். அதுக்கு மேல ஒரு நோயாளி என்ன சொல்ல முடியும்மா?"

என் கணவர் தன் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்... கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.